கல்லறைக்குள் கனியும் காதல்: ஜின் யோங்கின் ‘தி ரிட்டர்ன் ஆஃப் தி காண்டர் ஹீரோஸ்’

வாளும் குங்ஃபூவுமாக நகரும் சீன வூஷியா கதைகள் பலவற்றில் காதல் பேருக்குத்தான் வரும். பார்த்த மாத்திரத்தில் மனசைப் பறிகொடுப்பார்கள், அப்புறம் சண்டைதான். மெல்ல மெல்லக் கனிகிற காதல் வேண்டும் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது ஜின் யோங்கின் இந்த நாவலைத்தான். 1959-இல் ஹாங்காங்கின் மிங் பாவ் நாளிதழில் தொடராகத் தொடங்கி 1961 வரை வந்தது, 40 அத்தியாயம்.

சோங் அரசின் கடைசிக் காலம், மங்கோலியர்கள் நெருக்கிக்கொண்டிருக்கிறார்கள். ச்சுவான்ஜென் என்ற தாவோ துறவிகளின் மடத்தில் அடியும் உதையும் பட்ட அநாதைப் பையன் யாங் குவோ, சோங்நான் மலையிலுள்ள பழைய கல்லறைக்குள் தஞ்சம் புகுகிறான். அங்கே இருப்பவள் சியாவ்லோங்நியூ. சிரிப்பு, அழுகை, கோபம் எதுவுமே கூடாது என்று பயிற்றுவிக்கப்பட்ட பெண். இறந்துபோகும் பாட்டி ஒருத்திக்குக் கொடுத்த வாக்குக்காகத்தான் அவனைச் சிஷ்யனாக ஏற்கிறாள், பாசத்தால் அல்ல. குளிர்ந்த பச்சைக்கல் படுக்கையை அவனுக்குக் கொடுத்துவிட்டு, அறைக்குக் குறுக்கே கட்டிய ஒரு கயிற்றின் மேல் படுத்துத் தூங்குகிறாள். சிட்டுக்குருவிகளைப் பறக்கவிட்டு வெறும் கையால் மறித்து நிறுத்தச் சொல்லிக்கொடுக்கிறாள், முதலில் மூன்று, போகப்போக 81. பக்கம் பக்கமாக இந்தப் பயிற்சிதான். காதல் என்ற பேச்சே கிடையாது, ஆனால் ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் கவனிக்கப் பழகிவிட்டது மட்டும் நமக்குத் தெரிந்துவிடுகிறது.

எனக்கு இந்த நாவலின் உயிர் என்றால் அது இரட்டை வாள் வித்தைதான். இரண்டு தலைமுறைக்கு முன்னால் அந்தக் கல்லறையில் வாழ்ந்த லின் சாவ்யிங் என்பவள், தன்னோடு சேராமல் போன வாங் சோங்யாங்கை, அதாவது ச்சுவான்ஜென் மடத்தை நிறுவியவரை, நினைத்து உருவாக்கியது. ஒருவர் அவனுடைய வாள்முறையையும் மற்றவர் அவளுடைய முறையையும் ஒரே நேரத்தில் வீச வேண்டும். பனியைக் கூட்டித் தேநீர் காய்ச்சுவது, பைன் மரத்தடியில் எதிரெதிரே உட்கார்ந்து காய் வைத்து விளையாடுவது என்று, அவள் வாழ ஆசைப்பட்டு வாழாமல் போன வாழ்க்கைதான் ஒவ்வொரு வீச்சுக்கும் பெயர். கல்லறையில் பயின்றபோது பிடிபடாத இந்த வித்தை, பின்னால் மங்கோலியர் பக்கம் நிற்கும் தங்கச் சக்கரத் துறவியோடு மோதும்போது, தன் உயிரைவிட மற்றவர் உயிர் பெரிது என்று இருவரும் பாய்கிற அந்த நொடியில் தானாகக் கூடிவருகிறது. ஒரே ஒரு காதல் வசனம் இல்லாமல் சண்டைக்குள்ளேயே காதலைச் சொல்லிவிடுகிறார் ஜின் யோங். இதைப் படித்த பிறகு வேறு வூஷியா கதைகளின் சண்டைகள் எனக்குக் கொஞ்சம் வெறுமையாகத்தான் தெரிகின்றன.

குருவைச் சிஷ்யன் மணப்பது அந்தச் சமூகத்தில் பெரும் பாவம், அதனால் தடை வெளியிலிருந்து ஒட்டவைத்தது போல இல்லை. யாங் குவோவைப் பிள்ளை போல நேசிக்கும் குவோ ஜிங்கே, வீரர்கள் கூடிய சபையில் அவனைக் கொல்லக் கை ஓங்கி, அடிக்க மனம் வராமல் நிற்கிறார். கெட்டவன் என்று யாரையும் கைகாட்ட முடியாத காட்சி அது.

குறைகளும் உண்டு. சியாவ்லோங்நியூவுக்கு நேரும் பாலியல் வன்முறையை, இருவரையும் பிரிக்க ஒரு சாக்காகக் கதை பயன்படுத்திக்கொள்கிறது, அவளுடைய வலிக்கு உரிய இடம் கொடுக்கவே இல்லை. இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நடுவில் சேர்வதும் பிரிவதும் ஒரு கட்டத்துக்கு மேல் சலிக்கிறது, அதிலும் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் பிரிவுகள். எதிர்ப்படும் பெண்கள் எல்லாம் யாங் குவோ மேல் மனம் வைப்பதும் அலுப்புதான்.

ஆனால் சியாவ்லோங்நியூவுக்காக யாங் குவோ 16 வருடம் காத்திருக்கும் பகுதிக்காக இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அந்த வருடங்களை ஜின் யோங் அழுகையாக எழுதவில்லை, ஊர் ஊராகப் போய் முன்பின் தெரியாதவர்களுக்கு உதவிக்கொண்டிருக்கும் ஒற்றைக்கை வீரனாக, அதுவும் பெரும்பாலும் குவோ ஷியாங் என்ற சின்னப் பெண்ணின் வழியாக, அவனைத் தூரத்தில் வைத்தே காட்டுகிறார். முடிவை நான் சொல்லப் போவதில்லை. குவோ ஜிங் நாயகனாக வரும் முந்தைய நாவலான ‘தி லெஜண்ட் ஆஃப் தி காண்டர் ஹீரோஸ்’ஸைப் படிக்காமலும் ஆரம்பிக்கலாம், ஆனால் படித்திருந்தால் குவோ ஜிங்கின் அந்த ஓங்கிய கை இன்னும் கனமாகத் தெரியும்.