"உன் பேரில் பிளே ஸ்டோரில் ஆப்": மூலக்கடை, பெரம்பூர் பக்கம் கோர்ஸ் சேருகிறவர்கள் கவனத்துக்கு

பிளஸ் டூவோ பாலிடெக்னிக்கோ முடித்த பிள்ளை வீட்டில் இருந்தால் பணம் கட்டும் முன் இதைக் காட்டுங்கள். "மூன்றே மாதத்தில் மொபைல் ஆப், கேம் டெவலப்பர், உங்கள் ஆப் பிளே ஸ்டோரில் உறுதி" என்ற நோட்டீஸை நம்பி வியாசர்பாடிப் பையன் ஒருவன் லேப்டாப்போடு சேர்த்து 48,000 ரூபாய்க்குச் சேர்ந்தான். சர்டிஃபிகேட்டும் வந்தது. இன்டர்வியூவில் "உங்க ஆப்ல இந்த பட்டன் கலரை மாத்திக் காட்டுங்க" என்று கேட்டதும் உட்கார்ந்துவிட்டான். அவனுடைய ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து பார்த்ததில் தெரிந்ததுதான் கீழே இருக்கிறது. சென்டரின் பெயரைச் சொல்லிப் பயனில்லை, போர்டு மாறும், வேலை இதேதான்.

முதலில் கேம். பறவை குழாய்களுக்கு நடுவே பறக்குமே, அது. கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் திறந்தால் ஐந்தே ஸ்கிரிப்ட், அத்தனையும் இணையத்தில் சும்மா கிடைக்கும் டெம்ப்ளேட். எழுதியவரின் கமென்டைக்கூட அழிக்கவில்லை. பையன் செய்தது பறவைக்குப் பதில் காக்கா, பின்னால் காசிமேடு படம். இதற்குப் பத்து வகுப்பு. கோடிங் புரியவில்லை என்று கேட்டால், "கோடிங்லாம் ஏஐ பாத்துக்கும் தம்பி, நீ டிசைனைப் பாரு."

அந்த கேமில் ஒரு கோளாறு இருந்தது. குழாய்கள் அவன் போனில் ஆடி அசைந்து வரும், நண்பன் போனில் பறக்கும். சாரைக் கேட்டதற்கு "உன் போன் ஸ்லோ, மாத்து" என்றாராம். போன் மேல் தப்பே இல்லை. அப்டேட் ஃபங்ஷனில் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் (திரையில் மாறும் ஒவ்வொரு படத்துக்கும்) 0.1 அலகு நகர்த்து என்று எழுதியிருக்கிறது. விநாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் போனில் அது 3 அலகு, 60 ஓடினால் 6 அலகு. விநாடிக்கு இத்தனை அலகு என்ற வேகத்தை டைம்.டெல்டாடைமால் (போன ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) பெருக்கிவிட்டால் எல்லாப் போனிலும் ஒரே வேகம். ஒரு வரித் திருத்தம், கேம் புரோகிராமிங்கில் முதல் வாரப் பாடம். டெமோ வகுப்புக்குப் போனால் இந்தக் கேள்வியையே கேட்டுப் பாருங்கள், எதிரில் நிற்பவர் கேம் எழுதியவரா, வீடியோ பார்த்து நடத்துபவரா என்று அங்கேயே தெரியும்.

அடுத்தது பிளே ஸ்டோர். பெரிய ஏமாற்று இங்கேதான். "பப்ளிஷிங் சார்ஜ்" என்று தனியாக 6,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். கூகுள் டெவலப்பர் கணக்குக்குக் கட்டணம் 25 டாலர், வாழ்நாளுக்கு ஒரே முறை. நம் காசில் இரண்டாயிரத்துச் சொச்சம். 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் 2023 நவம்பர் 13க்குப் பிறகு திறந்த தனிநபர் கணக்கு என்றால், ஆப்பை வெளியிடும் முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் க்ளோஸ்டு டெஸ்டிங்கில் (அழைத்தவர்கள் மட்டும் ஆப்பைப் போட்டுப் பார்க்கும் சோதனை) இருந்தாக வேண்டும். "நாளைக்கே லைவ்" என்று யாராவது சொன்னால் உங்கள் கணக்கில் இல்லை, அவர்களுடைய பழைய கணக்கில் போடப்போகிறார்கள் என்று அர்த்தம்.

இங்கேயும் அதுதான் நடந்தது. ஆப் சென்டரின் கணக்கில் ஏறியது. டெவலப்பர் என்ற இடத்தில் சென்டர் பெயர். அப்டேட் போட வழியில்லை, ஆப்பை சைன் செய்யும் சாவி இருக்கும் கீஸ்டோர் ஃபைலும் அதன் பாஸ்வேர்டும் அவர்களிடம். கீஸ்டோர் தொலைந்தால்கூட அப்லோடு கீயை மாற்றித் தரும்படி கூகுளிடம் கேட்கலாம், ஆனால் கணக்கின் சொந்தக்காரர்தான் கேட்க முடியும். ஆப்பை வேறு கணக்குக்கு மாற்றுவதும் அப்படியே. சரி, நம் கணக்கில் புதிதாக ஏற்றலாம் என்றால் அதே பேக்கேஜ் பெயரை (ஸ்டோரில் ஆப்பின் தனி அடையாளம்) மறுபடி பயன்படுத்த முடியாது. பெயரை மாற்றி, பூஜ்யம் டவுன்லோடிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேறு சில பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. வாட்ஸ்அப்பில், போனில் நேரடியாக இன்ஸ்டால் செய்யும் ஒரு ஏபிகே ஃபைலை அனுப்பி "இதுதான் உன் ஆப், பிளே ஸ்டோர்ல ஏத்திக்கோ." 2021 ஆகஸ்டிலிருந்து புது ஆப்பை ஏஏபி (ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்) வடிவத்தில்தான் ஏற்ற முடியும். போதாததற்கு அது டீபக் கீயில் (சோதனைக்கு மட்டுமான சாவி) சைன் செய்தது, பேக்கேஜ் பெயர் காம்.எக்ஸாம்பிள் என்று தொடங்குகிறது. இரண்டில் எதையும் பிளே கன்சோல் வாங்காது.

லேப்டாப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பழையதைத் துடைத்துக் கொடுத்த 4 ஜிபி ரேம் டப்பா. ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்கு மட்டுமே 8 ஜிபி வேண்டும், எமுலேட்டரும் (கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் போலிப் போன்) ஓட்ட 16. கையில் இருப்பது 8 ஜிபி என்றால் எமுலேட்டரை விட்டுவிட்டுச் சொந்தப் போனிலேயே ஓட்டிப் பாருங்கள்: செட்டிங்ஸில் அபவுட் போன் போய் பில்டு நம்பரை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்யுங்கள். அப்படியும் போன் லிஸ்டில் வரவில்லையென்றால் முதலில் கேபிளை மாற்றுங்கள். பர்மா பஜார் மலிவுக் கேபிள் பலதில் சார்ஜ் மட்டும்தான் ஏறும், டேட்டா கம்பி இருக்காது.

பணம் கட்டிய விதத்தையும் பாருங்கள். "மாசம் 4,000 கட்டுங்கம்மா, ஃபீஸ்தானே" என்று அம்மாவிடம் சொல்லி ஓடிபி வாங்கியிருக்கிறார்கள். அது ஃபீஸ் தவணை இல்லை, நிதி நிறுவனத்தில் அம்மா பெயரில் எடுத்த கடன். அந்த நிறுவனம் சென்டருக்கு மொத்தத்தையும் அப்போதே கொடுத்துவிட்டது. வகுப்பை விட்டு நின்றாலும் தவணை நிற்காது. பேங்கில் ஆட்டோ டெபிட்டை மட்டும் நிறுத்தினால் சிபில் ஸ்கோர் (கடனைச் சரியாகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண்) அடிவாங்கும். ஓடிபி சொல்லும் முன் கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட் என்ற பக்கத்தைக் கேளுங்கள், வட்டியும் கூலிங் ஆஃப் காலமும் அதில் இருக்கும். அந்தக் காலத்துக்குள் அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டிவிட்டால் அபராதம் இல்லாமல் வெளியே வரலாம்.

சேருவதென்றே முடிவானால் மூன்று விஷயத்தை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்: ஆப் மாணவன் கணக்கில்தான் ஏறும், முழு சோர்ஸ் கோடும் கீஸ்டோரும் பாஸ்வேர்டோடு கைக்கு வரும், பாதியில் நின்றால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும். எழுதித் தர மாட்டேன் என்றால் எழுந்து வாருங்கள். ஆண்ட்ராய்டு ஆப் எழுதும் மொழியான கோட்லின், திரையை வடிவமைக்கும் கம்போஸ் பாடங்களைக் கூகுளே இலவசமாக வைத்திருக்கிறது. கேமுக்கு கோடோ (Godot) என்ற கேம் மென்பொருள், அதற்கும் காசில்லை, 4 ஜிபி டப்பாவிலும் இருபரிமாண கேமுக்குத் தாக்குப்பிடிக்கும். வீட்டில் உட்கார இடமில்லையென்றால் கொளத்தூர் அகரத்தில் 2024இல் திறந்த முதல்வர் படைப்பகம் (உட்கார்ந்து படிக்க, வேலை செய்ய இடம் தரும் மையம்) இருக்கிறது.

ஏற்கெனவே கட்டி மாட்டியவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து புகாரைப் பதியுங்கள். அதில் தீரவில்லையென்றால் இ-ஜாக்ரிதி தளம் வழியாக வடசென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். சென்டரில் போய்ச் சண்டை போடும் முன்னாலேயே நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, பிளே ஸ்டோரில் டெவலப்பர் பெயர் தெரியும் பக்கம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். இந்தப் பையன் விஷயத்தில் கேட்கப் போன மறுநாளே ஆப்பைத் தூக்கிவிட்டார்கள்.