கறுப்புச் சாயக் குழலோடு நாலு வருஷம்

ஹட்டனில் இருந்துகொண்டு மரப் புல்லாங்குழல் வேண்டும் என்றால் இணையத்தைத்தான் நம்ப வேண்டும். நானும் நம்பினேன். விளம்பரத்தில் இருந்தது இவ்வளவுதான்: ‘ஐரிஷ் புல்லாங்குழல், ஆபிரிக்க பிளாக்வூட், டி சுருதி.’ நம் கணக்கில் இரண்டு கட்டை. பஜனைக்குச் சரியாக வரும் என்று வாங்கிவிட்டேன்.

பொதியின் சுங்கச் சீட்டில் சியால்கோட், பாகிஸ்தான் என்றிருந்தது. ஏமாந்துவிட்டோமோ என்று முதலில் பதறினேன். அப்புறம்தான் விளங்கியது, ஐரிஷ் என்பது ஊர் அல்ல, குழலின் வகை. 1847இல் போம் என்ற ஜெர்மன்காரர் உலோகக் குழலைக் கொண்டுவந்த பிறகு, மேற்கத்திய வாத்தியக் குழுக்கள் மெல்ல மெல்லக் கைவிட்ட பழைய மரக்குழலை அயர்லாந்துக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். எந்த நாட்டில் கடைந்தாலும் பெயர் அதுதான். சியால்கோட் பாக்பைப் என்ற பை வாத்தியம் செய்து பழகிய ஊர், ஊரை மட்டும் பார்த்து மட்டம் தட்ட முடியாது.

மரத்தின் பெயர்தான் பொய். ஈரத்துணியால் துடைத்தேன், துணியில் கறுப்பு இறங்கியது. பக்கத்து மரவேலை பாஸ் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். “இது கலுவரயும் இல்ல, ஒண்ணும் இல்ல தம்பி, சாயம்.” கலுவர என்று அவர் சொன்னது நம் கருங்காலியை. பிளாக்வூட் வேறு, அது ஈட்டியின் உறவு, தன்சானியா, மொசாம்பிக் பக்கம் வளர்வது. ஆனாலும் அவர் கை பிடித்த குறி சரி: உண்மையான பிளாக்வூட் துண்டு தண்ணீரில் மூழ்கும் அளவுக்குக் கனம். என்னுடையது இலேசாக இருந்தது.

சாயத்தைக்கூட மன்னிக்கலாம். உள்துளையை மன்னிக்க முடியவில்லை. இந்த வகைக் குழலின் துளை அடியை நோக்கி ஒடுங்கிப் போக வேண்டும். என்னுடையது நேராகத் துளைத்த குழாய். அதனால் கீழ் ஸ்தாயி சுருதி சேர்ந்தால் மேல் ஸ்தாயி இறங்கி நிற்கும். எவ்வளவு ஊதிப் பழகினாலும் தீரவில்லை. இனி வாங்கினால் இரண்டு துண்டுகளையும் கழற்றி உள்ளே படம் எடுத்து அனுப்பச் சொல்வேன், ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியிலும் வாசித்த ஒலிப்பதிவு கேட்பேன். ஐந்து கடைகளில் ஒரே படம் கிடந்தால் கேட்கவே தேவையில்லை, விட்டுவிடுவேன்.

எண்ணெய் விஷயத்தில் தவறு என் பேரில். முதல் வருஷம் தேங்காய் எண்ணெய் தடவினேன். நம் ஊர்க் குளிரில் அது போத்தலிலேயே உறைகிறது, குழலுக்குள் மட்டும் உறையாதா? வெள்ளையாகப் படிந்தது. பாதாம் எண்ணெய்க்கு மாறினேன்.

மூன்றாம் வருஷம் பெப்ரவரி வரட்சியில் தலைத்துண்டு வெடித்தது. உள்ளே பித்தளைக் குழாய் பொருத்தியிருக்கிறார்கள். மரம் காய்ந்து சுருங்கும், பித்தளை இடம் கொடுக்காது, மரம் என்ன செய்யும்? வாங்கியபோது இந்தப் பித்தளையைத்தான் தரம் என்று நினைத்தேன்.

வெடிப்பில் பசை விட்டு நூலால் இறுக்கிச் சுற்றியிருக்கிறேன். மார்கழி பஜனைக்கு இன்னும் அதுதான். மேல் ஸ்தாயிக்குப் போனால் ஆர்மோனியக்காரர் திரும்பிப் பார்ப்பார். நான் பேசாமல் கீழே இறங்கிவிடுவேன்.