மாடியில் 'ஸ்மார்ட்' தோட்டம் போடப் போறீங்களா? பணம் கட்டும் முன் இதைப் படிச்சிடுங்க

வடசென்னைப் பக்கம் மொட்டை மாடி வைத்திருப்பவர்களுக்கு இது. மண் இல்லாமல் தண்ணீரிலேயே லெட்டூஸ், துளசி, கீரை வளர்க்கலாம், எல்லாவற்றையும் சென்சார் பார்த்துக்கொள்ளும், போனில் செயலியைத் திறந்தால் போதும் என்று ஒரு கும்பல் சுற்றிக்கொண்டிருக்கிறது. கொருக்குப்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் அவர்கள் போட்ட செட்டப்புக்கு 1,80,000 ரூபாய் கொடுத்தேன். தையல் கடை வருமானத்தோடு இதுவும் சேர்ந்தால் பெரியவளின் காலேஜ் பீஸுக்கு ஆகும் என்பதுதான் கணக்கு.

விற்க வந்தவர் முதலில் காட்டியது கீரைத் தோட்டமே இல்லை. கனடாவில் ஒரு கஞ்சாப் பண்ணையின் வீடியோ. "மேடம், கோடிக்கணக்குல முதலீடு பண்ற பண்ணையே இந்த டெக்னாலஜியிலதான் ஓடுது. உங்க லெட்டூஸ் எம்மாத்திரம்?" என்றார். போகிறபோக்கில், "நாளைக்கு நம்ம ஊர்லயும் லீகல் ஆச்சுன்னா நீங்க ரெடியா இருப்பீங்க" என்று ஒரு சிரிப்பு வேறு. கனடாவில் 2018 அக்டோபரிலிருந்து அது சட்டப்படியான தொழில். இங்கே 1985-ஆம் வருட போதைப்பொருள் சட்டப்படி அனுமதியில்லாமல் கஞ்சாச் செடி வளர்த்தால் பத்து வருடம் வரை உள்ளே போகலாம். வீட்டு வாசலில் நின்று பேசுகிற பேச்சா இது?

அந்தத் தொழில்நுட்பம் பொய் என்று நான் சொல்லவில்லை. அங்கே மூடிய கட்டடத்துக்குள் விளக்கு, குளிர், ஈரப்பதம், உரம் எல்லாவற்றையும் அளந்து அளந்துதான் வளர்க்கிறார்கள். செடி வளரும்போது 18 மணி நேரம் வெளிச்சம், பூக்க வைக்க 12 மணி நேரமாகக் குறைப்பு. விற்கிற விலைக்கு அந்தக் கரண்ட் செலவு கட்டுப்படியாகும். அந்தக் கணக்கைக் கொண்டுவந்து கொருக்குப்பேட்டை வெயிலில் பச்சை வலைக்கு அடியில் வைத்தால்? எங்கள் செயலியில் லெட்டூஸுக்கு நேரே "பிளவர், 3-வது வாரம்", அதாவது பூக்கும் கட்டம் என்று இருந்தது. லெட்டூஸ் பூத்தால் இலை கசந்துபோகும், எந்த ஓட்டலும் வாங்காது. கேட்டதற்கு, "அது வெறும் பேர்தான் மேடம், உள்ள செட்டிங் கரெக்டா இருக்கு" என்றார்கள்.

உள்ளே இருந்த செட்டிங்கின் லட்சணம் பிறகுதான் தெரிந்தது. தண்ணீரில் உரம் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க இ.சி. என்று ஒரு அளவு. அது 2.0-க்குக் கீழே போனால் ஏ, பி என்ற இரண்டு கேன்களிலிருந்து மோட்டார் தானாக உரத்தை இறக்க வேண்டும். செயலியில் எப்போதும் பச்சை விளக்கு, பக்கத்தில் "சிறப்பு". ஆனால் இலை மஞ்சளடித்துக்கொண்டே வந்தது, வேர் நீளமாகப் போனதே தவிர செடி எழும்பவில்லை. கேனில் உரத்தின் மட்டம் ஊற்றிய அன்று நின்ற கோட்டிலேயே நின்றது. "கேமரா வழியா ஏஐ பாத்துக்கிட்டிருக்கு, வெயிட் பண்ணுங்க மேடம்" என்று வாட்ஸப்பில் பதில்.

கண்டுபிடித்தது எங்கள் வீட்டு ஆர்.ஓ. மெஷினை சர்வீஸ் பண்ண வரும் தம்பி. மாடிக்கு வந்தவன் சட்டைப் பையிலிருந்த, தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று காட்டும் டி.டி.எஸ். பேனாவை எடுத்து, உரமே கலக்காத போர் தண்ணீர்க் குழாயில் பிடித்தான். 1100. "இன்னாக்கா, தண்ணியே இப்டி கரிக்குது, இதுல செடி எப்டிக்கா வரும்?" என்றான். அந்த எண்ணை 500-ஆல் வகுத்தால் இ.சி. 2.2. விஷயம் இவ்வளவுதான்: அந்த சென்சாருக்குத் தண்ணீரில் கரைந்த உப்பு எல்லாமே ஒன்று. சாப்பாட்டு உப்பா, செடிக்கான உரமா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. வெறும் உப்புத் தண்ணீரையே உரம் என்று கணக்கில் ஏற்றி, உர மோட்டாரை ஒருநாளும் ஓட விடவில்லை. உப்புக் கரைசலை ஊற்றிவிட்டு சத்துணவு போட்டதாக ரிஜிஸ்தரில் எழுதின மாதிரி. லெட்டூஸுக்கு 1.2-லிருந்து 1.8 வரை போதும் என்பார்கள், எங்கள் தண்ணீர் வெறுமனேயே அதைத் தாண்டி நின்றது.

கடலோரப் போர் தண்ணீர் உப்பாக இருக்கும் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். இடம் பார்க்க வந்த அவர்களின் 'இன்ஜினியர்' மாடியை டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார், காபி குடித்தார். தண்ணீரைத் தொடவில்லை. கேட்டால், ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் "தண்ணீரின் தரம் வாடிக்கையாளர் பொறுப்பு" என்று பொடி எழுத்தில் இருக்கிறதாம்.

மாதச் சந்தாவை நிறுத்தினேன். மறுநாளே தண்ணீரைச் சுற்றவிடும் மோட்டாரும் நின்றது. எல்லாம் அவர்கள் சர்வர் வழியாகத்தான் ஓடுமாம், கையால் போட ஒரு சுவிட்ச் கூட இல்லை. என் தோட்டத்தின் அளவுகளை இறக்கித் தரச் சொன்னதற்குத் தனிக் கட்டணம் கேட்டார்கள். பெட்டியைத் திறந்து பார்த்தால் ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வைஃபை போர்டு ஒன்றும் நாலு ரிலேயும் (கரண்டைத் தானாகப் போட்டு நிறுத்தும் சுவிட்ச்).

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்து புகார் பதிந்தேன். "இது வணிக நோக்கத்துக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை" என்று கம்பெனியிலிருந்து பதில். பில்லைக் கடை பெயரில் போட்டால் ஜிஎஸ்டிக்கு நல்லது என்று அவர்களே சொன்னது எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. வக்கீலைக் கேட்டேன். சுயதொழில் செய்து பிழைக்க வாங்கியிருந்தால் 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் நுகர்வோர்தான். பொருளின் விலை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் மனு போட்டுவிட வேண்டும். நானும் போட்டிருக்கிறேன். வழக்கு நடப்பதால் கம்பெனி பெயரை இங்கே எழுதவில்லை, கமெண்டில் கேட்காதீர்கள்.

இப்போது அதே ஆட்கள் மாதவரம், செங்குன்றம் பக்கம் காளான் செட்டப் என்று கிளம்பியிருப்பதாகக் கேள்வி. உங்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் உங்கள் குழாய்த் தண்ணீரில் பேனாவை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். நெட்டைப் பிடுங்கிவிட்டு மோட்டாரை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பில்லை உங்கள் பெயரிலேயே வாங்குங்கள், வாட்ஸப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.