வாட்டம் விடாத பாத்ரூம்: வேலூரில் வீடு வாடகைக்கு விடப் போன கதை

பாத்ரூம் தரையில் ஒரு பக்கெட் தண்ணி ஊற்றினால் அது ஜாலியை, அதாவது தண்ணி வடிகிற ஓட்டையை, பார்த்துப் போகணும். தோட்டப்பாளையத்தில் எங்கள் மாடி போர்ஷனில் புதுசாக டைல்ஸ் போட்ட பாத்ரூமில் ஊற்றிய தண்ணி முதலில் வாஷ்பேசின் மூலைக்குப் போனது. அங்கே கொஞ்ச நேரம் நின்று யோசித்தது. அப்புறம் நிலைப்படியைத் தாண்டி ஹாலுக்கு வந்துவிட்டது. ஜாலி பக்கம் ஒரு சொட்டுகூடப் போகவில்லை.

மேஸ்திரி பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இன்னா தம்பி இப்போ? வைப்பர் வச்சு ஒரு தள்ளு தள்ளினா போயிடப் போவுது. எல்லார் ஊட்லயும் அப்டித்தான் கீது."

எனக்கு ஏறிய கோபத்துக்கு இதுதான் காரணம். தப்பு நடப்பது எங்கேயும் உண்டு. சிங்கப்பூரில் நான் இருக்கும் அடுக்குமாடியிலும் மேல்வீட்டு பாத்ரூம் கசிந்து எங்கள் கூரையில் கறை விழுந்தது. அங்கே மேல்வீட்டுக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் சேர்ந்து அதைச் சரிசெய்தே ஆகணும் என்று விதி. செய்தோம். கசிந்த வீட்டுக்கார அம்மா ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இங்கே தண்ணி ஹாலில் ஓடுகிறது, மேஸ்திரி எனக்கு வைப்பர் பிடிக்கக் கற்றுக்கொடுக்கிறார்.

வாட்டம், அதாவது தண்ணி ஓடுவதற்கான சரிவு, ஏன் விடவில்லை என்று கேட்டால் அதற்கும் பெருமை. பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். "பாத்துக்கோ தம்பி. ஒரு நூல் ஏறல, ஒரு நூல் எறங்கல." உண்மைதான், குமிழி நட்டநடுவில் நின்றது. கேரம் விளையாடலாம், அவ்வளவு சமம்.

அப்போதுதான் கலவை சட்டியைக் கழுவிக்கொண்டிருந்த சித்தாள் அக்கா, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "நான் அப்பவே கேட்டன், வாட்டம் வுடலியான்னு. எங்க கேட்டாரு." அந்த இடத்தில் வேலை தெரிந்தவர் அவர் ஒருத்தர்தான். கூலி மட்டும் அவருக்குத்தான் எல்லாரையும்விடக் குறைவு.

வாடகைக்கு விடுகிற வீட்டில் கைவைக்கப் போகிறவர்கள் இந்தக் கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பாத்ரூம் தரைக்கு அடிக்கு ரெண்டு நூல் வாட்டம், அதாவது கால் அங்குலம். கதவிலிருந்து ஜாலி ஆறடி தள்ளி இருந்தால் ஒன்றரை அங்குலம் இறங்கணும். பழைய மொசைக்கை உடைக்காமல் அதன் மேலேயே பசை தடவி டைல்ஸ் ஒட்டினால் இந்த ஒன்றரை அங்குலத்துக்கு இடம் எங்கே இருக்கும்? தரை மேலே ஏறும், நிலைப்படி தடுக்கும், கடைசியில் எல்லாம் சமமாகிவிடும். 'உடைச்சா செலவு தம்பி, மேலேயே ஒட்டிடலாம்' என்று யாராவது பாசத்தோடு சொன்னால் அங்கேயே நிறுத்துங்கள். உடைத்து, வாட்டர்ப்ரூஃப் அடித்து, ஜாலியை அடைத்து ரெண்டு நாள் தண்ணி கட்டி வைக்கணும். கீழ் போர்ஷன் கூரையில் ஈரம் தெரியவில்லை என்றால்தான் டைல்ஸ். ஒட்டி முடித்த பிறகு மறுபடி தண்ணி ஊற்றிப் பார்த்துவிட்டுக் கடைசித் தவணையைக் கொடுங்கள். ஒரு கோலிக்குண்டு போதும், மூலைக்கு மூலை உருட்டிவிட்டால் அதுவே சொல்லிவிடும்.

அன்றைக்குச் சாயந்திரம் வரை வாக்குவாதம். வார்த்தை தடித்து மேஸ்திரி சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிட்டார். இனி ஆள் வராது, வேறு ஆளைத் தேடணும் என்றுதான் நினைத்தேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, காலை காபி குடிப்பதற்குள் வாசலில் உளிச் சத்தம். தனியாக வந்து, எதுவும் பேசாமல், தான் ஒட்டிய டைல்ஸைத் தானே உடைத்துக்கொண்டிருந்தார். மொசைக்கையும் பெயர்த்து எடுத்தார். அடியில் பழைய ஜாலிக் குழாய் பாதிக்குமேல் சிமெண்டால் அடைந்து கிடந்தது, எந்தக் காலத்து வேலையோ. அதையும் மாற்றினார். புது டைல்ஸுக்கும் குழாய்க்கும் என்னிடம் காசு வாங்கினாரே தவிர, அந்த வேலைக்குக் கூலி வாங்கவில்லை. "அது என் வேலை" என்றார், அவ்வளவுதான். சிங்கப்பூரில் ஞாயிற்றுக்கிழமை அடுக்குமாடியில் டிரில்லர் சத்தம் கேட்டால் புகார் போய்விடும். ஒப்பந்தத்தில் இல்லாத ஒரு ஆணி அடித்தாலும் பில் வரும். எனவே எது நல்ல முறை என்று என்னைக் கேட்காதீர்கள், எனக்கு இன்னும் தீரவில்லை.

பாத்ரூமுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்கள் வேலூருக்கு வெளியே இருப்பவர்கள். நம்ம ஊரில் வாடகைக்கு யார் வருகிறார்கள்? காட்பாடிப் பக்கம் விஐடி பிள்ளைகள். இந்தப் பக்கம் சிஎம்சி ஆஸ்பத்திரி. வங்காளம், ஜார்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தோ ரயில் ஏறி, ஆபரேஷன் முடிந்த அப்பாவைத் தோளில் சாய்த்துக்கொண்டு வருகிற குடும்பங்கள். ஆஸ்பத்திரியைச் சுற்றி போர்டுகளில் தமிழுக்கு நிகராக வங்காளம் இருக்கிறது. அவர்களுக்கு வழுக்காத தரை, வெஸ்டர்ன் டாய்லெட், பக்கத்துச் சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி, சக்கர நாற்காலி நுழைகிற கதவு, இவைதான் வீடு. என் மச்சானோ, "மாமா, முன்னாடி கிரானைட் ஒட்டி, ஹால்ல ஃபால்ஸ் சீலிங் போட்டா ரெண்டாயிரம் ஏத்திக் கேக்கலாம்" என்று வந்த நாளிலிருந்து காதில் ஓதிக்கொண்டிருந்தான். ஃபால்ஸ் சீலிங்கை நோயாளி படுத்துக்கொண்டு பார்ப்பார் என்று நினைத்தானோ என்னவோ.

ஒன்று கவனியுங்கள். சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் 2022ல் திறந்த பிறகு சில துறைகள் ரத்தினகிரிப் பக்கம் போய்விட்டன. பாபுராவ் தெரு, தோட்டப்பாளையம் வாடகையெல்லாம் என்றைக்கும் ஏறிக்கொண்டேதான் இருக்கும் என்று கணக்குப் போட்டுக் கடன் வாங்காதீர்கள். தினவாடகை ஆசையும் பலருக்கு வருகிறது. சிங்கப்பூரில் தனியார் வீட்டைக்கூட மூணு மாசத்துக்குக் குறைவாக விட முடியாது. இங்கே கேட்பாரில்லை என்று தோன்றும். ஆனால் பங்களாதேஷிலிருந்து வந்தவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் அரசுக்கு ஏற்றுவது வீட்டுக்காரர் பொறுப்பு. லாட்ஜுக்கு மட்டும்தான் இது என்று தெருவில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

தண்ணி விஷயம் உங்களுக்கே தெரியும். போர் தண்ணி உப்பு, கார்ப்பரேஷன் தண்ணி அது வருகிற நாளில். எங்கள் பழைய ஜி.ஐ. குழாயை அறுத்துப் பார்த்தால் உள்ளே ஒரு பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது, மற்றதெல்லாம் உப்பு. மேலே ரெண்டு டேங்க் வைத்து, சமையலறைக்குக் கார்ப்பரேஷன் விடுகிற காவிரித் தண்ணி, ஃப்ளஷ்ஷுக்கும் துவைக்கவும் போர் தண்ணி என்று லைனைத் தனித்தனியாகப் பிரித்தேன். கீசரையும் போர் லைனில் கொடுக்காதீர்கள், காயில் சீக்கிரமே போய்விடும்.

பின்கட்டு தாத்தா காலத்தது. தேக்குக் கட்டை அடுக்கி, செங்கல்லைச் செங்குத்தாக வைத்துச் சுண்ணாம்பில் கட்டிய மச்சு. சித்திரை வெயிலில், வேலூர் 42 டிகிரியைத் தாண்டும் மத்தியானங்களில், அங்கேதான் நாங்கள் எல்லாரும் வரிசையாகப் படுத்துக்கிடப்போம். அத்தை வீசுகிற விசிறிக் காற்று யாருக்கு முதலில் என்று சண்டை நடக்கும். அந்தச் சுவரில் சிமெண்ட் பூசலாம் என்றார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடுகிற சுவர். மேலே சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, கொஞ்ச நாளில் பொருக்குப் பொருக்காக உதிரும். மறுபடி சுண்ணாம்பே பூசச் சொன்னேன். அது தெரிந்த ஆளைத் தேடி அணைக்கட்டு வரை போனோம். திரும்பும்போது இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் வாங்கியதுதான் அந்த அலைச்சலில் உருப்படியான காரியம். இப்போது புவிசார் குறியீடு கிடைத்துவிட்டதாம், விலையில் நன்றாகவே தெரிகிறது. புது மாடிக்கு வெள்ளைக் கூல் டைல்ஸ். மேல் போர்ஷனில் குடிவைக்கிறவர்கள் இதில் கஞ்சத்தனம் பண்ணாதீர்கள்.

வாசல் ரோடு இன்னொரு தலைவலி. சின்ன வயசில் எங்கள் வீட்டுக்கு நாலு படி ஏறணும், இப்போது ஒன்றுதான் மிச்சம். பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போடணும் என்று அரசு சொல்லிப் பல வருஷம் ஆகிறது. 2022ல் நிறுத்தியிருந்த பைக்கின் சக்கரத்தோடு சேர்த்து சிமெண்ட் ரோடு போட்ட ஊர் இது, என் படிக்கட்டை யார் எண்ணப் போகிறார்கள்? கீழ் போர்ஷன் தரையை உயர்த்துகிற வேலை இருந்தால், ரோடு இன்னும் ஏறும் என்று வைத்தே உயரத்தை முடிவு பண்ணுங்கள்.

இ.பி. பெயர் மாற்றம் சுலபமாக முடிந்தது, அதில் எழுத ஒன்றுமில்லை. வீட்டு வரியை அரையாண்டின் முதல் மாசத்திலேயே கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி, மச்சானிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். வீட்டுக்காரர் என்.ஆர்.ஐ. என்றால், குடியிருப்பவர் வாடகையில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் வரியாகப் பிடித்துக் கட்டிவிட்டு மீதியைத்தான் தரணும். சின்ன வாடகைக்கு இது கிடையாது என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். கூடுதலாகப் பிடித்தது கணக்குத் தாக்கல் செய்தால் திரும்பி வரும். பணம் வழக்கமாக என்.ஆர்.ஓ. கணக்குக்கு, அதாவது நம்மைப் போன்றவர்கள் இந்திய வருமானத்துக்கு வைக்கிற வங்கிக் கணக்குக்கு, வரும். இதைக் குடிவருகிறவருக்கு முதலிலேயே விளக்கணும். நான் விளக்கியதும் ஒருத்தர் எழுந்தே போய்விட்டார்.

ஒப்பந்தம் எழுதுங்கள். 1960ஆம் வருஷ வாடகைச் சட்டம் போய், 2017ஆம் வருஷச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தாயிற்று. வாய்ப்பேச்சு செல்லாது, ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதியணும். வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூணு மாச வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்கிறது அது. நம்ம ஊர் வழக்கம் பத்து மாசம். மச்சான் பத்தே வாங்கணும் என்றான். "ஒப்பந்தத்துல எழுதிட்டா தப்பில்ல மாமா, நாளைக்கு அவங்க சுவத்த ஒடச்சிட்டுப் போனா?" அவன் சொல்வதிலும் ஞாயம் இருக்கிறது. ஆனால் வந்தவர்கள் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்த ஒரு நர்ஸும் அவர் அம்மாவும். புது ஊர், முதல் சம்பளம்கூட இன்னும் வரவில்லை. மூணு மாசம்தான் வாங்கினேன். மச்சான் என்னோடு பேசுவதில்லை. சாவியை மட்டும் அக்கா மூலமாகக் கொடுத்தனுப்பினான்.