தரைக்கு அடியில் கசிவு: உடைத்துச் சரி செய்வதா, புது லைன் இழுப்பதா?

தரைக்கு அடியில் போகும் தண்ணீர் லைன் கசிகிறது என்றால் வழி இரண்டுதான். மெஷின் வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் உடைத்துச் சரி செய்யலாம். இல்லையென்றால் பழைய லைனைக் கைவிட்டுச் சுவர் மேலாகப் புது பைப் இழுக்கலாம். சேலம் அம்மாபேட்டையில் உள்ள எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டாவதைத்தான் செய்தோம். ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு பைப்) போட்ட பழைய வீடு என்றால் யாருக்கும் அதையே சொல்வேன்.

அதற்கு முன்னால், கசிவது எது என்று பார்த்துவிடுங்கள். ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, மாடி டேங்கில் தண்ணீர் நிற்கும் மட்டத்தில் கோடு போடுங்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால், மறுநாள் ராத்திரி டேங்கிலிருந்து இறங்கும் லைனின் கேட் வால்வையும் மூடிப் பாருங்கள். அப்போது மட்டம் நின்றால் கசிவு வீட்டு லைனில். அப்போதும் இறங்கினால் டேங்கையே பார்க்க வேண்டும். ஃபிளஷ் டேங்க் ஒழுகினாலும் மட்டம் இறங்கும், அதையும் மூடியிருக்க வேண்டும். சம்புக்கு வரும் மாநகராட்சி லைன் தனி, இந்தச் சோதனையில் அது அகப்படாது.

சரி, மெஷின் விஷயம். தண்ணீர் பீறிடும் சத்தத்தைத் தரை வழியாகக் கேட்டு இடம் சொல்லும் கருவி அது. சத்தம் வர அழுத்தம் வேண்டும். டேங்க் பத்து மீட்டர் உயரத்தில் இருந்தால்தான் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். ஒரு மாடி வீட்டு டேங்கில் அதில் பாதி வந்தாலே அதிகம். அதனால் பம்ப் வைத்து அழுத்தம் ஏற்றித்தான் கேட்பார்கள். இரும்பு பைப்பில் சத்தம் நன்றாகக் கடத்தும், பிளாஸ்டிக்கில் குறைவு. நாங்கள் மெஷினைக் கூப்பிடவில்லை. எவ்வளவு துல்லியமாகச் சொல்லும் என்று அனுபவத்தில் சொல்ல முடியாது. இடம் சரியாகக் கிடைத்தால் முதல் செலவு அதில்தான் குறைவு.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது அடுத்த கசிவு. ஜிஐ பைப் பெரும்பாலும் போவது ஜாயின்ட்டில். மரை வெட்டும்போது அங்கே துத்தநாகப் பூச்சும் போகிறது, பைப்பின் கனமும் குறைகிறது. ஈர மண்ணில் கிடந்தால் துரு முதலில் பிடிப்பது அங்கேதான். ஒரே நாளில் புதைத்த ஜாயின்ட்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வயது. ஒன்று போய்விட்டால், மற்றவையும் வரிசையில் நிற்கின்றன என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய லைனை அறுத்து மூடி போட்டபோது உள்ளே பார்த்தோம்: முக்கால் இஞ்ச் பைப், துருவும் உப்பும் கட்டி, ஒரு பென்சில் நுழையும் வழிதான் மிச்சம். அதில் ஒரு இடத்தைச் சரி செய்து என்ன ஆகப்போகிறது?

தரையும் ஒரு காரணம். எங்களுடையது பழைய சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. "உடைச்சா பூசித் தர்றேங்க, ஆனா இதே கலர் வராதுங்க," என்று கொத்தனார் முன்கூட்டியே சொல்லிவிட்டார். டைல்ஸ் தரை என்றாலும் பழைய டிசைன் கடையில் கிடைப்பது கஷ்டம். அப்புறம், கசிவு நாள்பட்டது என்றால் பேஸ்மட்டத்து மண் அரித்துப் போயிருக்கும். தரையைத் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வந்தால் எந்த வழியில் போனாலும் அந்த இடத்தைத் திறந்து மண் நிரப்பித்தான் ஆக வேண்டும்.

புது லைனின் குறை, பைப் கண்ணில் படுவது. எனக்கு அதுதான் நிறை: எங்கே சொட்டினாலும் அன்றைக்கே தெரியும், எல்போவை மாற்றினால் முடிந்தது. வெந்நீருக்கும் சேர்த்து சிபிவிசி (சூடு தாங்கும் பிளாஸ்டிக் பைப்) போட்டோம். மொட்டை மாடியில் வெயில் படும் பகுதிக்குக் கட்டாயம் வெள்ளை பெயின்ட் அடிக்க வேண்டும்; எங்கள் லைன் பார்த்தது ஒரு சேலத்துக் கோடைதான், பெயின்ட் எத்தனை வருஷம் காக்கும் என்பதைப் பொறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

சிபிவிசி பைப்பே தரைக்கு அடியில் புதைத்த புது வீடு, ஒரே ஒரு ஜாயின்ட் விட்டிருக்கிறது என்றால் உடைத்துச் சரி செய்வதே சரி. கசிவது கழிவுநீர் பைப் என்றாலும் உடைக்கத்தான் வேண்டும். அதற்கு வாட்டம் (தண்ணீர் தானாக ஓடும் சரிவு) வேண்டும், சுவர் மேல் ஏற்ற முடியாது.