ஸ்டென்ட் வைத்த பிறகு மூன்று வருட யோகா

54 வயதில் மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு வலி இல்லை, பயம்தான் இருந்தது. இரவில் இடது பக்கம் திரும்பிப் படுத்தால் தலையணைக்குள் இதயம் துடிப்பது காதில் விழும். உடனே எழுந்து உட்கார்ந்துவிடுவேன்.

ஆறு வாரம் கழித்து எக்கோ (இதய ஸ்கேன்) பார்த்துவிட்டு டாக்டர் சரி என்றார். பக்கத்துத் தெரு யோகா வகுப்பில் சேர்ந்தேன். என்ன நோய் என்று அங்கே கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும். மூன்றாம் நாள் எல்லோரோடும் கபாலபாதி (மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளும் பயிற்சி) செய்துவிட்டு, குனிந்து நிமிர்ந்தபோது கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். நான் சாப்பிடும் மெட்டோபுரோலால் மாத்திரை நாடித்துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைத்து வைக்கும், அதனால் சட்டென்று நிமிரக் கூடாது என்று டாக்டர் அப்புறம் விளக்கினார்.

அடுத்து அமைந்த ஆசிரியை முதல் நாளே டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கி வரிவரியாகப் படித்தார். தலைகீழ் ஆசனங்கள், மூச்சை அடக்குவது, கபாலபாதி, அதைப் போலவே வேகமாக மூச்சுவிடும் பஸ்திரிகா எதுவும் கிடையாது. இரண்டு மாதம் நாற்காலியில் உட்கார்ந்துதான் எல்லாம். கையைத் தூக்கும்போது மூச்சு உள்ளே, இறக்கும்போது வெளியே. "பேச முடியாத அளவுக்கு மூச்சு வாங்கினா அங்கேயே நிறுத்திடுங்கண்ணா" என்பார்.

எனக்கு அதிகம் உதவியது மெதுவான மூச்சுதான். 4 எண்ணி இழுப்பேன், 6 எண்ணி விடுவேன். நிமிடத்துக்கு ஆறு மூச்சு. படபடப்பு வந்தால் பஸ்ஸில் உட்கார்ந்தபடியே இதைச் செய்வேன், அடங்கிவிடும். மல்லாந்து படுக்கும் சவாசனத்திலிருந்து எழுவதும் மெதுவாகத்தான். வலப்பக்கம் புரண்டு, கொஞ்சம் அப்படியே கிடந்து, உள்ளங்கையை ஊன்றி உட்கார்ந்து, 20 எண்ணிய பிறகே நிற்பேன். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதும் இப்போது இப்படித்தான்.

"யோகாதான் செய்றீங்களே, மாத்திரை எதுக்கு?" என்று சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து யாரும் அப்படி நிறுத்திவிடாதீர்கள். ஆஸ்பிரினும் கொழுப்பு மாத்திரையும் எனக்கு இன்றும் தொடர்கின்றன. தினசரி நடையும் தனியாக உண்டு. இந்தியாவில் 24 மருத்துவமனைகளில், மாரடைப்பு வந்த ஏறக்குறைய 4,000 பேரை வைத்து 'யோகா-கேர்' என்ற ஆய்வு நடந்தது. மூன்று மாதத்தில் 13 வகுப்புகள். மரணமோ மறு மாரடைப்போ குறைந்ததாக அதில் உறுதியாகத் தெரியவில்லை. ஆனால் வகுப்புக்குப் போனவர்கள் தங்கள் உடல்நிலை சற்று மேல் என்றார்கள், பழைய வேலைகளுக்கும் நன்றாகத் திரும்பினார்கள். எனக்கும் அதுதான் நடந்தது. இரண்டு மாடி ஏறி, மேலே நின்று பேசுகிறேன்.

என் மச்சானுக்குச் சமீபத்தில் பைபாஸ் இதய அறுவை சிகிச்சை ஆனது. என்னைப் பார்த்துவிட்டு உடனே சேர வேண்டும் என்கிறார். அறுத்துத் தைத்த நெஞ்செலும்பு ஒட்டிச் சேர இரண்டு மூன்று மாதமாவது ஆகும், அதுவரை கையை ஊன்றி எழக்கூட வேண்டாம் என்று பிடித்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு நாற்காலியில் உட்கார்ந்து என்னோடு மூச்சை மட்டும் எண்ணுகிறார்.