கண்டென்சரா, டைனமிக்கா? முடிவு செய்தது மின்விசிறி

வீட்டில் சிறுகதைகளை வாசித்துப் பதிவு செய்ய ஆரம்பித்தபோது நான் முதலில் வாங்கியது கண்டென்சர் மைக் (மின்சாரம் கொடுத்தால்தான் வேலை செய்யும், நுணுக்கமான சத்தத்தையும் பிடிக்கும் வகை), ஆடியோ டெக்னிகா ஏடி2020. இப்போது வாசிப்பது டைனமிக் மைக்கில் (தனியாக மின்சாரம் கேட்காத, மேடைகளில் பார்க்கும் வகை), ஷூர் எஸ்எம்58. இரண்டையும் ஒரே மேசையில், ஒரே இன்டர்ஃபேஸில் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) மாற்றி மாற்றிச் செருகி மாதக்கணக்கில் வாசித்துப் பார்த்துவிட்டேன். பேச்சுக்கு மட்டும் மைக் வேண்டும், உட்காரப்போவது வீட்டில் ஒரு சாதாரண அறை என்றால் எஸ்எம்58 வாங்குங்கள் என்பேன்.

விலை இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே வட்டாரம்தான். இரண்டும் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் கேபிளில் ஓடுபவை. கண்டென்சருக்கு 48 வோல்ட் ஃபேண்டம் பவர், அதாவது அதே கேபிள் வழியாக மைக்குக்குப் போகும் மின்சாரம், வேண்டும். இன்டர்ஃபேஸில் ஒரு பொத்தானை அழுத்தினால் கிடைத்துவிடும்.

குரலின் அழகு என்று பார்த்தால் ஏடி2020 ஒரு படி மேல். அடிக்குரல் முதல் கீச்சொலி வரை அளந்தால், அது 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை வாங்கும். எஸ்எம்58-க்கு 50 முதல் 15,000 வரை. ரகசியமாகச் சொல்லும் ஒரு வரியில் மூச்சு கலந்து வருவது கண்டென்சரில் அப்படியே கேட்கும். இரவு இரண்டு மணிக்கு விசிறியை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கப் பதிந்த கதை ஒன்று இருக்கிறது. என் குரல் அவ்வளவு நன்றாக வேறெதிலும் வந்ததில்லை.

ஆனால் எத்தனை நாள் இரவு இரண்டு மணிக்கு உட்கார முடியும்? மே மாதப் பகலில் விசிறி ஓடியே ஆக வேண்டும். அப்படிப் பதிந்ததைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தேன். வார்த்தைக்கும் வார்த்தைக்கும் நடுவே ஒலியைக் காட்டும் கோடு நேராக இல்லாமல் புல் முளைத்த மாதிரி இருந்தது. ஹெட்ஃபோனில் ஏற்றிக் கேட்டால் விசிறியின் இரைச்சல், அடுத்த வீட்டு மிக்ஸி, கீரைக்காரம்மாவின் குரல். ஆடியோ புத்தகங்களுக்கு ஏசிஎக்ஸ் தளம் வைத்திருக்கும் அளவைத்தான் நான் கணக்காக வைத்துக்கொண்டேன். பேசாத இடத்தில் இரைச்சல் மைனஸ் 60 டெசிபலுக்குக் கீழே இருக்க வேண்டும். பகல் பதிவு எதுவும் அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. மென்பொருளால் இரைச்சலை வழித்தெடுத்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிட்டது.

டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வாங்காது என்று பலரும் சொல்வார்கள். அது சரியில்லை, அதுவும் வாங்கும். விஷயம் தூரத்தில் இருக்கிறது. கண்டென்சரில் வாய் ஒரு சாண் தள்ளி இருந்தால்தான் குரல் சீராக வரும். கிட்டே போனால் 'ப்ப' வரும் இடமெல்லாம் காற்று மோதும், எச்சில் சத்தம்கூடக் கேட்கும். எஸ்எம்58 மேடையில் பாடகர்கள் உதட்டோடு ஒட்டிப் பிடிப்பதற்கென்றே 1966-இல் வந்த மைக். மூன்று விரல் தூரத்தில் தாராளமாகப் பேசலாம். தூரம் பாதியாகும் ஒவ்வொரு முறையும் குரல் 6 டெசிபல் ஏறும். விசிறி இருந்த இடத்தில்தான் இருக்கிறது, அதன் சத்தம் ஏறாது. ஒரு சாணிலிருந்து மூன்று விரலுக்கு வந்தால் ஏறக்குறைய 12 டெசிபல் லாபம்.

அப்புறம் ஒரு சின்ன வேலை. எஸ்எம்58-க்கு வால் பக்கம் காது மந்தம். ஸ்டாண்டை உயர்த்தி, மைக்கை நெற்றி உயரத்திலிருந்து வாயை நோக்கிச் சரித்து வைத்தேன். அப்போது வால் விசிறியைப் பார்க்கிறது. விசிறியை இரண்டில் வைத்து, பின்னால் கனமான போர்வை ஒன்றைத் தொங்கவிட்டேன். புல் படிந்துவிட்டது. இப்போது காலை பதினோரு மணிக்கு உட்கார்ந்து வாசிக்கிறேன்.

இதற்கு விலையும் உண்டு. ஒரே சத்தத்துக்கு ஏடி2020 தரும் மின்னழுத்தம் எஸ்எம்58 தருவதைப்போல் சுமார் ஏழரை மடங்கு. அதனால் இன்டர்ஃபேஸில் கெயினை, அதாவது மைக்கின் ஒலியைப் பெருக்கும் திருகை, நிறையத் திருக வேண்டும். மட்டமான இன்டர்ஃபேஸ் என்றால் அதுவே 'உஸ்' என்று இரையும். கிட்டே பேசுவதால் அடிக்குரலும் கனத்துவிடும், 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுகிறேன். தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பவர்களுக்குக் குரல் வாக்கியத்துக்கு வாக்கியம் மாறும். எனக்கு அந்தப் பழக்கம் போக இரண்டு வாரம் ஆயிற்று.

பராமரிப்பிலும் டைனமிக்தான் சுலபம். வலைத்தலையைத் திருகிக் கழற்றி, உள்ளே இருக்கும் நுரைப் பஞ்சோடு கழுவிக் காயவைத்து மாட்டிவிடலாம். கண்டென்சர் ஈரத்துக்குப் பயப்படும். கடற்கரை ஊர் என்றால் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் மூடி வைப்பது நல்லது.

ஷூரின் எஸ்எம்7பி-யில் நண்பர் வீட்டில் ஒரு மாலை பேசிப் பார்த்ததோடு சரி. குரல் இன்னும் மெத்தென்று வந்தது. ஆனால் அதற்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும், விலையும் பல மடங்கு. பாட்டு, வீணை, மிருதங்கம் பதிவதானால் என் பேச்சை வைத்து முடிவெடுக்காதீர்கள், நான் வாசிப்புக்கு மட்டுமே பயன்படுத்தியிருக்கிறேன்.

வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். வழக்கமாகப் பதிவு செய்ய நினைக்கும் நேரத்தில், விசிறியை ஓடவிட்டு, மேசைமேல் ஃபோனை வைத்து ஒரு நிமிடம் சும்மா பதிவு செய்யுங்கள். ஹெட்ஃபோன் மாட்டி சத்தத்தை ஏற்றிக் கேளுங்கள். அறை அமைதியாக இருந்தால் கண்டென்சரைத் தாராளமாக வாங்கலாம்.